முதுகைக் காட்டி நிற்கும் கரைகள்: சுமத்திராவின் நிலமும் வரலாறும்

ஜாவாத் தீவின் பரப்பு ஏறத்தாழத் தமிழ்நாட்டின் பரப்புதான். அதற்குள் 15 கோடிப் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். மிகக் குறுகிய இடத்தில் 30 கிலோமீட்டர்கூட அகலமில்லாத சுண்டா நீரிணையைத் தாண்டினால் ஜாவாவைப்போல் மூன்றரை மடங்கு பெரிய சுமத்திரா. பக்கத்துச் சிறு தீவுகளையும் சேர்த்து 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 5.85 கோடிப் பேர்தான். பொன்னும் கற்பூரமும் மிளகும் இந்தக் கரையில் விளைந்தன. புகையிலை, ரப்பர், எண்ணெய், எரிவாயு எல்லாம் பின்னால் வந்தன. இந்தோனேசியாவின் தேசிய மொழியே இந்தக் கரையின் மலாய்தான். ஆனால் தலைநகரம் அந்தப் பக்கம், மாபெரும் கோயில்கள் அந்தப் பக்கம், அதிகாரமும் அந்தப் பக்கம். ஏன் இப்படி ஆயிற்று? சுமத்திரா ஏன் ஒருபோதும் ஒரு நாடாகத் திரளவில்லை?

டச்சுக்காரர்கள் பட்டாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், உட்கார்ந்ததால் வந்த வினை என்பது கைக்கெட்டிய பதில். அது பாதி உண்மை. ஆனால் டச்சுக்காரர்கள் வருவதற்கு ஆயிரம் ஆண்டு முன்பும் நிலைமை இதுவேதான். பதிலை அரசர்களிடம் தேடுவதைவிட முதலில் நிலத்தில் தேடுவது நல்லது.

வரைபடத்தில் சுமத்திரா வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து கிடக்கிறது. நீளம் சுமார் 1,790 கிலோமீட்டர், பரப்பு சுமார் 4,43,000 சதுர கிலோமீட்டர். உலகத்தின் ஆறாவது பெரிய தீவு. நிலநடுக்கோடு அதைக் கிட்டத்தட்டச் சரிபாதியாக வெட்டுகிறது. மேற்குக் கரையை ஒட்டியே, தீவின் முழு நீளத்துக்கும் புக்கிட் பாரிசான் மலைத்தொடர். அதன் உச்சி கெரிஞ்சி, 3,805 மீட்டர். இந்தோனேசியாவின் மிக உயரமான எரிமலை. மலைக்கு மேற்கே கடற்கரைச் சமவெளி என்று சொல்ல அதிகமில்லை. பல இடங்களில் மலையடிவாரத்தில் நின்றாலே அலைச்சத்தம் கேட்கும்.

கிழக்கே கதை தலைகீழ். மலையிலிருந்து இறங்கும் மழைநீரில் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. மூசி, பத்தாங் ஹாரி, இந்திரகிரி, கம்பார், சியாக், ரோக்கான் எல்லாம் கிழக்கே பாய்பவை. பத்தாங் ஹாரி பிறக்கும் மலைகளிலிருந்து மேற்குக் கடல் கிட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஆறு அதற்கு முதுகைக் காட்டிவிட்டுச் சுமார் 800 கிலோமீட்டர் சுற்றிக் கிழக்குக் கடலில் சேர்கிறது. இந்த ஆறுகள் கடைசியில் போய் விழுவது வயலில் அல்ல, சதுப்பில். இலையும் வேரும் மட்காமல் பல ஆயிரம் ஆண்டுகளாகப் படிந்து ஊறிய கரிச்சேறு அது. சில இடங்களில் பத்து மீட்டருக்கு மேல் ஆழம். அதில் நெல் வராது, வண்டி போகாது, கட்டடம் நிற்காது. ஆற்றின் வழியாகப் படகில் மட்டும் போகலாம்.

ஆக மேற்கே சுவர், கிழக்கே சேறு, நடுவில் மலைப் பள்ளத்தாக்குகள். மக்கள் நெருக்கமாக வாழ்ந்ததும் நெல் விளைந்ததும் அந்தப் பள்ளத்தாக்குகளில்தான்: மினாங்கபாவ் மேட்டுநிலம், கெரிஞ்சி, தோபா ஏரிக்கரை. இங்கிருந்து கடலுக்கு இறங்கும் வழிகள் தனித்தனியானவை. ஒரு பள்ளத்தாக்குக்காரன் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போவதைவிட ஆற்றோடு இறங்கி மலாக்கா நீரிணை கடந்து மலாக்காவுக்குப் போவது சுலபம்.

மண்ணின் குணமும் ஒரு காரணம். ஜாவாவின் எரிமலைச் சாம்பல் பெரும்பாலும் பயிருக்கு உகந்தது. சுமத்திராவின் சாம்பல் பல இடங்களில் அமிலத்தன்மை மிக்கது, சத்துக் குறைந்தது. டச்சு மண்ணியலாளர் மோர் 1938-இல், எந்த எரிமலை எப்படிப்பட்ட சாம்பலைக் கக்கியது என்பதையும் எங்கே மக்கள் நெருக்கமாக இருக்கிறார்கள் என்பதையும் இணைத்து எழுதினார். மண்ணை மட்டும் வைத்து மக்கள்தொகையை விளக்கிவிட முடியாது. ஆனால் அதை விட்டுவிட்டு எழுதிய வரலாறுகளைவிட மோர் சொன்னது கேள்விக்கு அருகில் வருகிறது.

மேற்குக் கடலுக்கு அடியில் இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு சுமத்திராவுக்குக் கீழே புகுந்துகொண்டிருக்கிறது. எரிமலைகளும் நிலநடுக்கங்களும் அதன் விளைவு. தோபா ஏரி இருக்கும் இடத்தில் சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த வெடிப்பு, கடந்த இருபது லட்சம் ஆண்டுகளில் பூமி கண்ட மிகப் பெரியது. அப்போது உள்வாங்கிய பள்ளம்தான் இன்று 100 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஏரி. அந்தச் சாம்பல் இந்தியா வரை வந்து விழுந்தது. ஆந்திராவின் ஜுவாலாபுரத்தில் அந்தப் படிவு இன்றும் தெரிகிறது. இந்த வெடிப்பில் மனித இனமே அழிவின் விளிம்புக்குப் போனது என்று ஒரு காலத்தில் அடித்துப் பேசினார்கள். ஜுவாலாபுரத்தில் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் ஒரே மாதிரியான கல்லாயுதங்கள் கிடைத்த பிறகு அந்தப் பேச்சில் சுருதி இறங்கிவிட்டது.

நிலநடுக்கத்துக்கும் பதிவேடு உண்டு. மெந்தாவாய்த் தீவுகளின் பவளப் பாறைகள் மரத்தைப்போல் ஆண்டு வளையம் இடுபவை. தரை உயர்ந்தால் தலைப்பகுதி வெயிலில் காய்ந்து சாகும், தாழ்ந்தால் மேலே வளரும். நிலவியலாளர் கெர்ரி சீயும் அவருடைய குழுவினரும் அந்த வளையங்களில் சுமார் 700 ஆண்டு நிலநடுக்க வரலாற்றைப் படித்து, ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை பெரும் நடுக்கங்கள் கொத்தாக வருவதைக் காட்டினார்கள். இந்தப் பதிவைப் படிக்க ஆய்வகம் வேண்டாம் என்று காட்டியவர்கள் சிமேலுவே தீவுக்காரர்கள். 1907-இல் கடல் எழுந்து ஊரை அழித்ததைப் பாட்டிலும் கதையிலும் ஏற்றிப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள்: நிலம் ஆடிக் கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று நடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த அந்தத் தீவில், சுமார் 78,000 பேரில் ஏழு பேர்தான் இறந்தார்கள். எதிரே பெருநிலத்தில், ஆச்சேயில், 1,60,000-க்கும் மேல்.

இந்த நிலத்தில் அரசு என்று எழுந்தால் அது எப்படி இருக்கும்? முதல் பெரிய விடை ஸ்ரீவிஜயம். சுமத்திராவின் வரலாற்று ஆய்வே ஒரு வகையில் இந்த அரசைத் தேடிய கதை. 1918 வரை ஸ்ரீவிஜயம் என்று ஓர் அரசு இருந்ததே யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பாங்கா தீவின் கோத்தா கப்பூர் கல்வெட்டில் வரும் அந்தச் சொல்லை ஓர் அரசனின் பெயர் என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் சேடேஸ்தான் சீனக் குறிப்புகளையும் சோழர் கல்வெட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது ஓர் அரசு, இருப்பிடம் பலெம்பாங் என்று எழுதினார். அதற்குப் பின் பலெம்பாங்கைச் சுற்றிக் கல்வெட்டுகள் வெளிவந்தன. பல்லவ எழுத்தில், பழைய மலாய் மொழியில் எழுதப்பட்டவை. 7-ஆம் நூற்றாண்டின் கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு 20,000 பேர் கொண்ட படையோடு ஒருவர் கிளம்பிய பயணத்தைச் சொல்கிறது. 684-இன் தாலாங் துவோ கல்வெட்டு தென்னை, கமுகு, சவ்வரிசிப் பனை நட்ட ஒரு தோட்டத்தைப் பற்றியது.

எனக்கு இவற்றில் முக்கியமாகப் படுவது தெலாகா பத்து கல். மேலே ஏழு தலை நாகம் படமெடுத்து நிற்கிறது. நடுவில் நெருக்கமான எழுத்து. அடியில் தண்ணீர் வழிந்தோட ஒரு தூம்பு. எழுத்தில் இருப்பது சாபம். இளவரசர், படைத்தலைவர், கணக்கர், வணிகர், கப்பல் தலைவர், அரசரின் வண்ணார் வரை பெயர் சொல்லி, துரோகம் செய்தால் இந்தச் சாபத்தால் சாவாய் என்கிறது. கல்லின்மேல் ஊற்றிய தண்ணீரைத் தூம்பில் பிடித்துக் குடித்துச் சத்தியம் செய்திருப்பார்கள் என்று கருதுகிறார்கள். நிலவரிக் கணக்கும் ஊர்ச்சபையும் வைத்து ஆண்ட அரசுக்கு இது தேவைப்படாது. ஆளைக் கட்டிவைக்க வேறு கயிறு இல்லாத அரசுக்கே இப்படி ஒரு கல் வேண்டும்.

இந்த ஊகத்துக்கு 1977-இல் ஒரு வடிவம் கொடுத்தவர் தொல்லியலாளர் பென்னட் பிரான்சன். ஆற்று முகத்துவாரத்தில் ஒரு துறை. கிளையாறுகள் சேரும் இடங்களில் சிறு சந்தைகள். மேலே மலையில் பொன்னும் பிசினும் சேகரிப்பவர்கள். துறைக்காரனுக்கு மலைமேல் அதிகாரம் கிடையாது. மலைக்காரனுக்கு விலை பிடிக்காவிட்டால் சரக்கை அடுத்த ஆற்றில் இறக்கிவிடுவான். அதனால் துறைக்காரனின் முதல் எதிரி பக்கத்து ஆற்றின் துறைக்காரன். அவனை அடக்கக் கப்பற்படை வேண்டும், மலைக்காரனைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளப் பரிசும் மரியாதையும் வேண்டும், வெளிநாட்டுக் கப்பலை ஈர்க்கப் பெயரும் புகழும் வேண்டும். ஸ்ரீவிஜயத்தைப் பேரரசு என்று எழுதுவதை ஹெர்மன் குல்கே போன்றவர்கள் பின்னால் கேள்வி கேட்டதும் இதையொட்டித்தான். மாகாணங்களைப் பிரித்து ஆண்ட பேரரசாக அதைக் கற்பனை செய்தால் கல்வெட்டுகள் ஒத்துழைக்க மறுக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே பிரான்சன், 1974-இல் பலெம்பாங்கில் அகழாய்வு செய்தபோது ஸ்ரீவிஜயக் காலத்துத் தடயம் அகப்படவில்லை. உடனே ஸ்ரீவிஜயம் அங்கே இல்லை, ஜாம்பியில் இருந்தது, மலேசியாவில் இருந்தது, தாய்லாந்தில் இருந்தது என்று ஆளாளுக்கு இடம் மாற்றினார்கள். பிறகு பியர்-இவ் மாங்கெனும் இந்தோனேசியத் தொல்லியலாளர்களும் முறையாகத் தேடியபோது சீன மட்பாண்டங்களும் குடியிருப்புத் தடயங்களும் மூசிக் கரையில் கிடைத்தன. தெப்பத்திலும் கால் நட்ட மர வீட்டிலும் வாழ்ந்த ஊர் அது. செங்கல் கோட்டையைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சீனத் துறவி யீஜிங் 671-இல் வந்து ஆறு மாதம் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் படித்ததும், ஆயிரத்துக்கு மேற்பட்ட துறவிகள் இருந்ததாக எழுதியதும் இப்படிப்பட்ட ஊரைப் பற்றித்தான்.

தமிழ் வாசகருக்கு சுமத்திரா பெரும்பாலும் இங்கேதான் அறிமுகமாகிறது. அதாவது ராஜேந்திரனின் மெய்க்கீர்த்திப் பட்டியலில். ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலாமுரிதேசம் ஆகியவை சுமத்திரா ஊர்கள். 1025-ஐ ஒட்டி அடிக்கப்பட்டவை. அதற்கு இருபது ஆண்டு முன்தான் அதே ஸ்ரீவிஜயத்தின் அப்போதைய மன்னர் நாகப்பட்டினத்தில் சூளாமணிவர்ம விகாரம் எடுக்க, ராஜராஜன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். நட்பு ஏன் பகையானது என்பதற்கு வணிகப் போட்டியே பலரும் ஏற்கும் விளக்கம். மேடைப் பேச்சில் இது "கடாரம் வென்ற" பெருமையாக முடிந்துபோகிறது. படையெடுப்பு நிலத்தைப் பிடிக்கவில்லை. துறைகளைக் கொள்ளையிட்டு மன்னரைச் சிறைபிடித்துத் திரும்பியது. ஆற்றுத்துறை அரசை வேறு எப்படியும் அடிக்க முடியாது. அடுத்த இரண்டு தலைமுறைக்குள் மையம் மூசியை விட்டு ஜாம்பிக்கு, பத்தாங் ஹாரிக்குப் போய்விட்டது. அங்கே முவாரா ஜாம்பியில் கிலோமீட்டர் கணக்கில் ஆற்றையொட்டிச் செங்கல் கோயில்கள் இன்னும் தோண்டப்பட்டுக்கொண்டிருக்கின்றன.

மெய்க்கீர்த்தியைவிட மேற்குக் கரையின் உடைந்த கல்லொன்று எனக்குப் பெரிய சான்றாகத் தோன்றுகிறது. பாருஸ் பக்கத்தில் லோபு துவாவில் 1873-இல் கிடைத்தது, 1088-ஐச் சேர்ந்தது, முழுக்கத் தமிழில். நீலகண்ட சாஸ்திரி 1932-இல் அதைப் பற்றி எழுதினார், பிற்பாடு எ. சுப்பராயலு மறுபடி வாசித்துத் திருத்தினார். வெட்டியவர்கள் எந்த அரசரும் அல்ல, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. அந்த ஊரில் அவர்கள் கூடி, மரக்கலம் வந்து சேர்ந்தால் கஸ்தூரி விலையை அடிப்படையாக வைத்துப் பொன்னில் இவ்வளவு கட்ட வேண்டும், கட்டிவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்று தீர்மானித்திருக்கிறார்கள். படை எதுவும் சாதிக்காததை ஒரு சங்கம் சாதித்திருக்கிறது. அகழாய்வில் மேற்காசியக் கண்ணாடி, சீனப் பீங்கான், தென்னிந்தியச் சட்டிபானை எல்லாம் அங்கே கிடைத்தன. 12-ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது அந்தக் குடியிருப்பு கைவிடப்பட்டிருந்தது.

அவர்கள் அவ்வளவு தூரம் வந்தது எதற்கு? கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும். பாருஸின் மலைக்காட்டுக் கற்பூரம் மரத்தின் வயிரத்துக்குள் படிகமாக உறைந்திருக்கும். மரத்தை வெட்டிப் பிளந்தால்தான் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியும். சாம்பிராணிக்கு வேறு வழி. பட்டையை நுனிக்கத்தியால் கீறிவிட்டு வர வேண்டும். சில மாதங்களில் பால் கசிந்து இறுகி வெள்ளையாகக் கட்டி நிற்கும். திரும்பிப் போய்ச் சுரண்டி எடுப்பார்கள். தோபாவுக்குத் தென்மேற்கே பத்தாக் மக்கள் இன்றும் இதைச் செய்கிறார்கள். மரத்தைத் தெரிந்தவன் மலையில் இருந்தான், விலையைத் தெரிந்தவன் கடற்கரையில் இருந்தான். பாருஸ் என்பது அந்த இரண்டு பேரும் சந்தித்த இடம். காரோ பத்தாக்கியரின் செம்பிரிங் குலத்தில் சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா என்ற உட்பிரிவுகள் இருப்பதைக் காட்டி நம்மவர்கள் உணர்ச்சிவசப்படுவதுண்டு. தென்னிந்தியத் தொடர்பு இருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். ஆனால் அவர்கள் காரோ மக்கள், காரோ பேசுபவர்கள். காணாமற்போன சோழர்கள் என்று அவர்களைத் தத்தெடுக்க வேண்டியதில்லை.

மலைக்கும் துறைக்கும் உள்ள உறவு என்ன மாதிரியானது என்பதைக் கெரிஞ்சியின் தாஞ்சுங் தானா ஊரில் குலச்சொத்தாகக் காப்பாற்றப்பட்ட ஒரு சுவடி காட்டுகிறது. மரப்பட்டைத் தாளில் எழுதிய 14-ஆம் நூற்றாண்டுச் சட்டம். இதுவரை தெரிந்ததில் மிகப் பழைய மலாய்ச் சுவடி. பத்தாங் ஹாரியின் தர்மாஸ்ரயா மகாராஜா மலைக்காரர்களுக்கு அனுப்பியது. கோழி திருடினால் என்ன, கரும்பு திருடினால் என்ன அபராதம் என்கிற அளவுக்கு அதில் விவரம் இருக்கிறது. அதே காலத்தில் ஆதித்தியவர்மன் என்ற அரசன் மினாங்கபாவ் மேட்டுநிலத்துக்கே ஏறிப்போய், பொன் விளையும் இடத்தில் உட்கார்ந்தான். துறையை விட்டு மலைக்குப் போன அரசன் என்ற முறையில் அவன் விதிவிலக்கு. அவனோடு சேர்த்துப் பேசப்படும் பைரவர் சிலை 4 மீட்டருக்கு மேல் உயரம், இன்று ஜகார்த்தா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மண்ணில் புதைந்து ஒரு பக்கம் மட்டும் வெளியே தெரிந்த காலத்தில் ஊர்க்காரர்கள் அதில் கத்தி தீட்டினார்கள், குழியில் நெல் குத்தினார்கள். அவன் அமைத்த அரசு எவ்வளவு வேர்பிடித்தது என்பதற்கும் அதுவே சான்று.

இஸ்லாம் வந்ததும் துறை வழியாகத்தான். மார்கோ போலோ 1292-இல் பருவக்காற்றுக்காக ஐந்து மாதம் வடகரையில் காத்திருந்தபோது பெர்லாக் ஊர் முஸ்லிம் ஊராக இருந்தது. பக்கத்துச் சமுத்ரா-பாசேயின் சுல்தான் மாலிக் அஸ்-சாலிஹின் கல்லறையில் உள்ள ஆண்டு 1297. அந்தச் சமுத்ரா என்ற துறையின் பெயரையே பிற்பாடு தீவு முழுவதற்கும் ஒட்டிவிட்டார்கள். 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்ததும் முஸ்லிம் வணிகர்கள் ஆச்சேக்கு நகர்ந்தார்கள். இஸ்கந்தர் மூடாவின் காலத்தில், 1607 முதல் 1636 வரை, ஆச்சே இரண்டு கரைகளின் மிளகுத் துறைகளையும் அடக்கியது. சுமத்திராவை ஒரு கையில் பிடிக்க முயன்றவர்களில் மிக நெருங்கி வந்தவர் அவர்தான். 1629-இல் மலாக்காவில் அவருடைய கடற்படை அழிந்தது. பிறகு 1641 முதல் 1699 வரை வரிசையாக நான்கு அரசிகள் ஆண்டார்கள். அவர்கள் காலத்தைச் சரிவு என்று எழுதும் வழக்கம் இப்போது மெல்ல மாறிவருகிறது.

ஆங்கிலேயர் கதையைச் சுருக்கமாக முடிக்கலாம். ஜாவாவின் பாந்தாம் துறையை விட்டு விரட்டப்பட்ட அவர்கள் 1685-இல் சென்னையிலிருந்து ஆளனுப்பி மேற்குக் கரையில் பெங்குலுவைப் பிடித்தார்கள். மிளகு நினைத்த அளவு வரவில்லை, காய்ச்சல் வந்தது. 1780-களிலிருந்து இந்தியக் கைதிகளை அங்கே நாடு கடத்தினார்கள். ராஃபிள்ஸ் பெங்குலுவின் ஆளுநராக இருந்துகொண்டேதான் 1819-இல் சிங்கப்பூரை ஏற்படுத்தினார். மேற்குக் கரை எதற்கும் உதவாது, நீரிணைதான் எல்லாம் என்பது அவருக்கு உறைத்துவிட்டது. 1824 ஒப்பந்தத்தில் பெங்குலுவைக் கொடுத்து மலாக்காவை வாங்கிக்கொண்டார்கள். அந்த ஒப்பந்தம் நீரிணையின் நடுவே ஒரு கோட்டைக் கிழித்தது. ஆயிரம் ஆண்டு ஒரே உலகமாக இருந்த இரண்டு கரைகள் அன்றைக்கு இரண்டு நாடுகளாயின. இன்றைய மலேசிய-இந்தோனேசிய எல்லைக்கு வேர் அதில்தான் இருக்கிறது. சுமத்திரா இழந்தவற்றில் அதைவிடப் பெரியது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

டச்சுக்காரர்கள் சுமத்திராவை ஒரே மூச்சில் பிடிக்கவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. மினாங்கபாவில் 1821-இல் நுழைந்தார்கள். மெக்காவிலிருந்து திரும்பிய ஹாஜிகள் தொடங்கிய பாத்ரி இயக்கத்துக்கும் பழைய மரபுத் தலைவர்களுக்கும் நடந்த சண்டையில் மரபுத் தலைவர்கள் பக்கம் சேர்ந்தார்கள். 1837-இல் பாத்ரித் தலைவர் இமாம் போன்ஜோல் பிடிபடும்வரை அது இழுத்தது. அந்தச் சண்டையை வெறும் மதச் சண்டையாகப் பார்க்காமல், காப்பி வணிகத்தால் பணம் பார்த்த மலைக் கிராமங்களின் எழுச்சியாகக் கிறிஸ்டின் டாபின் விளக்கியது இந்தத் துறையின் நல்ல ஆய்வுகளில் ஒன்று. ஆச்சேமீது 1873-இல் போர் தொடுத்தார்கள். முதல் மாதமே பைதுர் ரஹ்மான் பள்ளிவாசல் முன் தளபதி கோலர் செத்தார். போர் முப்பது ஆண்டுக்கு மேல் ஓடியது. பத்தாக் மன்னர் சிசிங்கமங்கராஜா 1907-இல்தான் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒவ்வொன்றும் தனிப் போர். ஒரு பள்ளத்தாக்கு எரியும்போது அடுத்த பள்ளத்தாக்கு எழவில்லை. டச்சுக்காரர்களின் அதிர்ஷ்டமும் தலைவலியும் அதே காரணத்தால் வந்தவை.

இதற்கிடையில் கிழக்குக் கரையில் புகையிலை வந்தது. யாக்கோபுஸ் நீன்ஹாய்ஸ் 1863-இல் டெலியில் இறங்கினார், 1869-இல் டெலி கம்பெனி. சுருட்டின் வெளிச்சுற்றுக்கு டெலி இலைபோல் மெல்லியது உலகில் இல்லை என்று பெயர் வந்தது. காட்டை அழித்து ஒரு போகம் எடுத்துவிட்டு, ஏழெட்டு ஆண்டு அந்த நிலத்தைச் சும்மா போடுவார்கள். அதற்கு நிலமும் ஆளும் ஏராளமாக வேண்டும். சீனரும் ஜாவாக்காரரும் கூலிகளாக வந்தார்கள். தமிழர்கள் பினாங்கு வழியாக வந்து ரோடு போட்டார்கள், மாட்டுவண்டி ஓட்டினார்கள். மேடானில் 1884-இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் இன்று கம்போங் மெட்ராஸ் எனப்படும் குடியிருப்பும் அவர்கள் விட்டுச் சென்றவை. 1880-இன் கூலிச் சட்டப்படி ஒப்பந்தத்தை மீறி ஓடிய கூலியைப் போலீஸ் பிடித்துச் சிறையில் போடலாம். வான் டென் பிராண்ட் என்ற வழக்கறிஞர் 1902-இல் எழுதிய துண்டு நூல் நெதர்லாந்து நாடாளுமன்றத்தை உலுக்கியது. தொடர்ந்து நடந்த விசாரணையின் அறிக்கையை அரசு வெளியிடாமல் வைத்துக்கொண்டது. அந்தத் தண்டனை முறை உடைந்ததற்குப் பெரிய காரணம் மனச்சாட்சி அல்ல. தண்டனைக்குப் பயந்து வேலைசெய்யும் கூலிகளின் சரக்கை 1930-இல் அமெரிக்கச் சுங்கச் சட்டம் தடுத்ததும் புகையிலைக் கம்பெனிகள் தாமே கைவிட்டன.

டச்சுக்காலம் சுமத்திராவை ஒன்றாக்கியதா என்று கேட்பவர்கள் ரயில் வரைபடத்தை ஒருமுறை பார்க்கலாம். வடக்கே டெலியின் தோட்டங்களிலிருந்து பெலவான் துறைக்கு ஒரு வலை. மேற்கே சவாலுந்தோ நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து பல்சக்கரத் தண்டவாளத்தில் மலையிறங்கிப் பாடாங் துறைக்கு ஒன்று. தெற்கே பலெம்பாங்குக்கும் லாம்புங்குக்கும் ஒன்று. மூன்றும் ஒன்றோடொன்று இன்றுவரை சேரவில்லை. ஸ்ரீவிஜயக் காலத்து ஆறுகளைப்போலவே ஒவ்வொரு தண்டவாளமும் தன் துறையை நோக்கி ஓடியது.

விடுதலைக்குப் பிறகும் இதே இழுபறிதான். 1948 டிசம்பரில் டச்சுக்காரர்கள் ஜோக்ஜகார்த்தாவைப் பிடித்துச் சுகர்னோவையும் ஹத்தாவையும் சிறைவைத்தபோது, குடியரசை உயிரோடு வைத்திருந்தது மேற்குச் சுமத்திரா மலைகளில் ஸ்யாஃப்ருதீன் பிரவிரநெகரா அமைத்த அவசர அரசு. பத்தாண்டு கழித்து, 1958 பிப்ரவரியில், ஏற்றுமதி வருமானம் எங்களுடையது, செலவு ஜகார்த்தாவுடையதா என்று பாடாங்கில் எழுந்த கிளர்ச்சி அரசுக்குப் பிரதமரும் அவரே. அந்தக் கிளர்ச்சியை ஜகார்த்தாவின் படை சில மாதங்களில் நொறுக்கியது. ஆச்சே தனி வழியில் போனது. 1971-இல் அருனில் எரிவாயு கிடைத்தது, 1976-இல் ஹசான் தி திரோ விடுதலை அறிவித்தார், ஏறக்குறைய முப்பது ஆண்டு இரத்தம் ஓடியது. 2004-இன் கடல் இரண்டு தரப்பையும் உலுக்கிய பிறகு 2005 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் ஒப்பந்தம். 1945-இல் ஒரே மாகாணமாகத் தொடங்கிய சுமத்திரா இன்று பத்து மாகாணம்.

தெற்கில் ஜாவா வேறு விதமாக வந்து சேர்ந்தது. 1905-இல் 155 ஜாவாக் குடும்பங்களை லாம்புங்கின் கெடோங் தாத்தானில் டச்சு அரசு குடியேற்றியது. சுதந்திர அரசும் அதையே பெரிய அளவில் தொடர்ந்தது. இன்று லாம்புங்கில் ஜாவாக்காரர்களே பெரும்பான்மை.

மிஞ்சியிருந்தது கிழக்குச் சதுப்பு. ஆயிரம் ஆண்டு யாருக்கும் வேண்டாதிருந்த அந்த நிலத்துக்கு 20-ஆம் நூற்றாண்டு இரண்டு பயன் கண்டுபிடித்தது. ரியாவின் தாழ்நிலத்துக்கு அடியில் எண்ணெய் இருந்தது. மினாஸ் வயலில் 1944-இல் எண்ணெய் எடுத்தது ஜப்பானிய ராணுவம். சதுப்பின்மேல் எண்ணெய்ப்பனை. 1848-இல் போகோர் தோட்டத்தில் நட்ட நான்கு ஆப்பிரிக்க மரக்கன்றுகளின் வாரிசுகளை 1911-இல் அட்ரியன் ஹாலே வடக்குச் சுமத்திராவில் தோட்டமாகப் போட்டார். முதலில் மேட்டு நிலத்தில். அது தீர்ந்ததும் 1980-களிலிருந்து சதுப்பில். கரிச்சேற்றில் பனையோ காகித மரமோ நட வேண்டுமென்றால் தண்ணீரை வடிக்க வேண்டும். நேர்க்கோடாகக் கால்வாய் வெட்டுவார்கள். நீர் இறங்கியதும் சேறு வற்றிச் சருகாகிறது, தரை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அமுங்குகிறது, தீப்பிடித்தால் நிலத்துக்கு அடியிலேயே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கிறது. 1997-லும் 2015-லும் அந்தப் புகை நீரிணை தாண்டிச் சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது. 1824-இல் பிரித்த இரண்டு கரைகளும் ஒரே காற்றைச் சுவாசிப்பது அப்போது நினைவுக்கு வந்தது. சிங்கப்பூர் 2014-இல், தீ எந்த நாட்டில் எரிந்தாலும் கம்பெனியைப் பொறுப்பாக்கும் சட்டம் போட்டது. ஆசியான் நாடுகள் 2002-இல் செய்த புகை ஒப்பந்தத்துக்குக் கடைசியாக ஒப்புதல் தந்தது இந்தோனேசியா, அதே 2014-இல்.

2016-இல் இந்தோனேசிய அரசு சதுப்பு மீட்புக்குத் தனி அமைப்பு ஏற்படுத்தி, வெட்டிய கால்வாய்களைக் குறுக்கே அடைக்கத் தொடங்கியது. நீர்மட்டம் ஏறினால் தீ குறையும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் சாலையில்லாத ஊர்களில் அந்தக் கால்வாய்தான் பழக்குலையும் ரப்பரும் துறைக்குப் போகும் வழி. அடைத்தால் ஊர்க்காரர்கள் உடைத்துவிடுகிறார்கள். அதனால் பல இடங்களில் தடுப்பின் நடுவே ஒரு படகு நுழையும் அளவுக்கு வாய் விட்டுக் கட்டுகிறார்கள்.